சிறையில் எழுந்த துதி: கண்டியரசும் கத்தோலிக்கரும்

இன்பத்தில் இறைவனைப் போற்றுதல் எளிது. துன்பத்தில் போற்றுதல் எங்ஙனம் இயலும் என்பது சமயங்கள் அனைத்தும் எதிர்கொண்ட வினாவாகும். நீற்றறையில் இடப்பட்ட நாவுக்கரசர் அங்கும் இறைவனைப் பாடினார் எனப் பெரியபுராணம் கூறும். பிலிப்பி நகரச் சிறையில் பவுலும் சீலாவும் நள்ளிரவில் துதி பாடினர் என விவிலியம் கூறும். இவற்றோடு ஒப்பிடத்தக்க வரலாறு ஒன்று நாம் கல்வி பயிலும் இக்கண்டி மண்ணுக்கும் உண்டு. துன்பத்தில் எழும் துதி வெறும் மன ஆறுதலா, அன்றி ஒரு சமூகத்தை நிலைநிறுத்தும் ஆற்றலா என்பதை அவ்வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர்; அவர்களுக்கு அடைக்கலம் அளிப்போருக்கு மரணதண்டனை விதிக்கப்படும் எனக் கட்டளை பிறந்தது. ஆலயங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் வசமாயின. குருவும் கோயிலுமின்றி விடப்பட்ட மக்கள் இல்லங்களில் மறைவாகக் கூடிச் செபித்தனர். இந்நிலையிலேயே 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகளார் கூலியாள் வேடம் பூண்டு யாழ்ப்பாணம் வந்தடைந்தார். சில்லாலையைச் சார்ந்து பணிபுரிந்த அவர், ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையாகவே புத்தளம் சென்று, அங்கிருந்து 1692இல் கண்டிக்குப் புறப்பட்டார்.

கண்டி அவரை விலங்கிட்டு வரவேற்றது. போர்த்துக்கேயரின் ஒற்றன் என்ற ஐயத்தின்பேரில் அவர் சிறையிடப்பட்டார். அச்சிறைவாசத்தை அவர் பயன்படுத்திய முறை நோக்கற்பாலது. அங்கிருந்தவாறே சிங்கள மொழியைக் கற்றார். காவல் தளர்ந்ததும் குடிசையொன்றை எழுப்பி அதனையே ஆலயமாக்கினார். நகரிலிருந்த கத்தோலிக்கர் படிப்படியாக அவரை நாடி வந்தனர். விடுதலைக்குப் பின்னர் செலுத்தும் நன்றியாகத் துதியை ஒத்திவையாது, விலங்கோடிருந்த நாளிலேயே அதனைத் தொடங்கினார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

1697இல் தலைநகரிற் பெரியம்மை பரவிற்று. நோயுற்றோரை உறவினரே கைவிட்டு அகன்றனர். அடிகளாரோ தம் துணைவரான கர்வாலியு அடிகளாருடன் கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று உணவளித்தார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கஞ் செய்தார். சமய வேறுபாடு அங்கே பார்க்கப்படவில்லை. நாவினால் எழுந்த துதி கையினால் ஆற்றும் தொண்டாக மாறியதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அடிகளாரின் வரலாற்றை 1745இல் வெளியான நூலில் எழுதிய செபஸ்தியான் தோ றேகோ அவர்மீது பெரும்பக்தி கொண்டவர்; ஆகவே அந்நூல் கூறும் அற்புதங்களை வரலாற்று மாணவர் நிதானித்தே அணுகுதல் வேண்டும். எனினும் இத்தொண்டினை விளக்க அற்புதம் எதுவும் தேவையில்லை.

கத்தோலிக்கர் தழைத்தமைக்கு மன்னனின் அரசியலே காரணம் எனச் சிலர் கூறலாம். அதில் உண்மை உண்டு. அராக்கனிலிருந்து பிக்குகளை வரவழைத்துப் பௌத்த சங்கத்துக்குப் புத்துயிரளித்த இரண்டாம் விமலதர்மசூரியனே, கிறித்தவராகிய ஒல்லாந்தர் துரத்திய கிறித்தவருக்கும் இடமளித்தான். இது அவனது பெருந்தன்மையைக் காட்டுவது. ஆயினும் அரச ஆதரவு இடத்தை மட்டுமே அளிக்கவல்லது. அவ்விடத்தில் நிலைத்து நிற்கும் உறுதியை மக்களே தேடிக்கொள்ளல் வேண்டும்.

அவ்வுறுதிக்கு மொழி வடிவம் தந்தவர் 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் பல இயற்றிய அவரது 'வியாகுலப் பிரசங்கம்' இயேசுவின் பாடுகளை எடுத்துரைப்பது. மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் தபசு காலத்தில் மக்கள் அதனை ஓதும் வழக்கம் தலைமுறைகளாகத் தொடர்ந்தது. புலம்பலே வழிபாடாகும் நிலையை இதிற் காண்கிறோம். துன்பத்தை மறைக்கும் துதி விரைவில் வெறுஞ்சொல்லாகிவிடும். துன்பத்தை வாய்விட்டுரைக்கும் துதியே நீடிக்கும்.

யோசேவாஸ் அடிகளார் 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியிலே காலமானார். 1739இல் அரியணையேறிய ஸ்ரீ விஜய ராஜசிங்கனின் ஆட்சியில் குருமார் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கரையோரத்தில் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் ஆங்கிலேயர் காலத்தில், 1806இலேயே நீங்கின. இடைப்பட்ட நெடுங்காலத்தில் குருமார் இல்லாத ஊர்களிற் செபத்தை நடத்திக் காத்தவர்கள் மூப்பரும் அண்ணாவிமாரும் தாய்மாருமே ஆவர். அவர்களுள் மிகப் பலரின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.

2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் யோசேவாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அவரது கல்லறை கண்டியில் எவ்விடத்தில் அமைந்திருந்தது என்பது இன்றும் திட்டமாக அறியப்படவில்லை. கல்லறை மறைந்த பின்னரும் அவர் சிறையில் தொடங்கிய வழிபாடு மறையவில்லை. ஆதலின், துன்பத்தில் எழும் துதி ஆறுதல் மட்டுமன்று; ஆயுதமும் அதிகாரமும் அற்ற மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொண்ட வழியுமாகும் என்பதே கண்டி வரலாறு நமக்குத் தரும் விடையாகும்.