ஹீரோ என்றொரு பெண்பெயர்

தமிழில் ஹீரோ என்றதும் மனத்தில் வருபவன் ஆண். படத்தின் முதல் பெயர் அவனுடையது, அவனுக்கு ஜோடி ஹீரோயின். அந்தப் பழக்கத்தோடு ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபவுட் நத்திங்' நாடகத்தைத் திறப்பவர் பாத்திரப் பட்டியலிலேயே தடுக்கி நிற்பார். மெசினா நகர ஆளுநர் லியோனாட்டோவுக்கு ஒரே மகள், அவள் பெயர் ஹீரோ. நாடகத்தில் காதலிக்கப்படுபவள், பழிசுமத்தப்படுபவள், செத்துப்போனதாக ஊருக்கு அறிவிக்கப்படுபவள் அவள்தான்.

முதலில் சொல்லின் சிக்கலை அவிழ்த்துவிடலாம். கிரேக்கத்தில் மூன்று தனித்தனிச் சொற்கள் உண்டு. வீரனையும் தெய்வாம்சம் பெற்றவனையும் குறிப்பது ஹேரோஸ். அலெக்சாந்திரியாவில் நீராவியால் சுழலும் உருண்டையை விவரித்த பொறியாளரின் பெயர் ஹேரோன். ஒரு பெண்ணின் பெயர் ஹேரோ. லத்தீன் வழியாக இவை ஆங்கிலத்துக்கு வந்தபோது ஈறுகள் தேய்ந்து மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டில் விழுந்தன. நாடகத்தின் தலைமைப் பாத்திரம் என்ற பொருள் ஆங்கிலச் சொல்லுக்குப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஏறியது. ஆகவே இந்த நாடகம் எழுதப்பட்ட 1598-99 வாக்கில் இலண்டன் அரங்கில் இருந்தவர்களுக்கு இன்று நமக்கு வரும் குழப்பம் வந்திருக்காது. அவர்கள் காதில் விழுந்தது வேறொரு கதை.

அது ஹெலஸ்பாண்ட் நீரிணையின் கதை. ஐரோப்பியக் கரையில் செஸ்டோஸ், எதிரே ஆசியக் கரையில் அபைடோஸ். செஸ்டோஸில் அஃப்ரொடைட்டியின் பூசாரிணியாக ஒரு கோபுரத்தில் வாழ்ந்தவள் ஹேரோ. அபைடோஸ் இளைஞன் லியாண்டர் அவள் ஏற்றிவைக்கும் விளக்கைக் குறிவைத்து இரவுதோறும் நீந்தி வருவான். விடியுமுன் திரும்பிவிடுவான். புயலடித்த ஓர் இரவில் விளக்கு அணைந்தது, அவன் மூழ்கினான். கரையொதுங்கிய உடலைக் கண்டு அவள் கோபுரத்திலிருந்து குதித்தாள். ரோமானியக் கவிஞர் ஓவிட் இவர்கள் எழுதிக்கொண்டதாக இரண்டு கடிதங்களை இயற்றினார். பின்னாளில் மூசேயஸ் என்ற கவிஞர் கிரேக்கத்தில் இதை ஒரு குறுங்காவியமாக்கினார். வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் தொடங்கிய அச்சகத்தின் மிக முற்பட்ட நூல்களில் அதுவும் ஒன்று. இங்கிலாந்தில் கிறிஸ்டபர் மார்லோ இதைப் பாடத் தொடங்கி, முடிக்காமலே 1593இல் கொலையுண்டார். அவருடைய கவிதை 1598இல் அச்சேறியது. ஷேக்ஸ்பியர் தன் நாடகத்தை எழுதிய காலத்தில் இலண்டன் புத்தகக் கடைகளில் அந்தப் பெயர் புதுச்சூட்டோடு இருந்தது.

ஷேக்ஸ்பியருக்குக் கதை கொடுத்தவர் இத்தாலியரான மத்தேயோ பண்டெல்லோ. 1554இல் வெளியான அவருடைய கதைத் தொகுப்பில் இதே மெசினா உண்டு, லியோனாட்டோ என்ற தந்தையும் உண்டு. மகளின் பெயர் மட்டும் ஃபெனிச்சியா. அது ஃபீனிக்ஸ் பறவையை நினைவூட்டும் பெயர், சாம்பலிலிருந்து எழுவாள் என்று முதல் வரியிலேயே குறிப்புக் கொடுத்துவிடும் பெயர். ஷேக்ஸ்பியர் அதை நீக்கிவிட்டு ஹீரோ என்று வைத்தார். ஓசைக்காகச் செய்த மாற்றமாக எனக்கு இது தோன்றவில்லை. நாடகத்தின் சூதும் மானமும் இந்தப் பெயரைச் சுற்றியே நடக்கின்றன.

இந்த நாடகத்தில் காதலே இரவல் பெயரில்தான் தொடங்குகிறது. போரிலிருந்து திரும்பிய இளைஞன் கிளாடியோ ஹீரோவை விரும்புகிறான், அவளிடம் சொல்லத் தயங்குகிறான். முகமூடி விருந்தில் நானே கிளாடியோ என்று சொல்லி உனக்காக அவளிடம் பேசுகிறேன் என்கிறார் இளவரசர் டான் பெத்ரோ. நல்லெண்ணத்தோடு செய்த பொய். அதே கருவியை அவருடைய தம்பி டான் ஜானின் ஆள் பொராச்சியோ கெட்ட எண்ணத்தோடு கையில் எடுக்கிறான். திருமணத்துக்கு முந்தின இரவில், ஹீரோவின் அறைச் சன்னலில் பணிப்பெண் மார்கரெட்டை நிற்கவைத்து, கீழிருந்து அவளை ஹீரோ என்று கூப்பிட்டுக் காதல் பேசுகிறான். மறைவில் கிளாடியோவும் இளவரசரும்.

பணிப்பெண் எசமானியின் உடையில் தோன்றி ஏமாற்றும் உத்தி இத்தாலியக் கவிஞர் அரியோஸ்டோவின் 'ஒர்லாண்டோ ஃபூரியோஸோ'வில் ஏற்கெனவே இருக்கிறது. ஷேக்ஸ்பியர் அதைப் பெயரின் மேல் கொண்டுபோய் நிறுத்துகிறார். சூழ்ச்சியைத் திட்டமிடும் இடத்திலும் சரி, குடிபோதையில் பொராச்சியோ அதை உளறும் இடத்திலும் சரி, அவன் வலியுறுத்துவது இதைத்தான்: மார்கரெட்டை ஹீரோ என்ற பெயரில் அழைத்தது. இருட்டில் முகம் தெரியாது. தூரத்திலிருப்பவனுக்குப் பெயரே சாட்சி.

இங்கேதான் செஸ்டோஸ் கதை உள்ளே புகுகிறது என்பது என் எண்ணம். நள்ளிரவு, உயரத்தில் ஒரு பெண், கீழே களவில் வந்த ஓர் ஆண். கிளாடியோ கண்டதாக நம்பிய காட்சி ஹேரோவும் லியாண்டரும் சந்திக்கும் காட்சியேதான். அந்தப் பெயருக்கு இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று சாகும்வரை ஒருவனையே நினைத்தவள், மற்றொன்று மணமாகாமல் இரவில் ஒருவனை ஏற்றவள். தேவாலயத்தில் எல்லோர் முன்னும் கிளாடியோ அவளை மறுக்கும்போது, பார்வைக்குக் கன்னித் தெய்வமான டயானா, குணத்தில் வீனஸையும் மிஞ்சியவள் என்ற கருத்தில் ஏசுகிறான். கிரேக்கர்களின் அஃப்ரொடைட்டிதான் ரோமானியர்களின் வீனஸ். செஸ்டோஸின் ஹேரோ அந்த வீனஸுக்குத்தான் பூசாரிணி. மார்லோவைப் படித்திருந்தவர்களுக்கு இது உறைக்காமல் போயிருக்காது.

அந்தத் தேவாலயக் காட்சியில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடும் இடம் ஒன்று உண்டு. உன் பெயருக்கு உண்மையாகப் பதில் சொல் என்று கிளாடியோ கேட்கிறான். என் பெயர் ஹீரோதானே, அதில் யார் கறைபூச முடியும் என்கிறாள் அவள். அந்தப் பெயரே தன் கற்பைக் கறைப்படுத்திவிட்டது என்று அவன் திருப்பி அடிக்கிறான். பெயரெடுப்பது, பெயர் கெடுவது என்று பேசிப் பழகிய நமக்கு இந்த வாதத்தைத் தொடர்வது எளிது. பெயரும் மானமும் நம் வழக்கிலும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஆனால் இதில் இருக்கும் கொடுமையையும் பார்க்க வேண்டும். கெட்டது அவளுடைய நடத்தையில் எதுவும் இல்லை. வேறொருத்தியை அவள் பெயரால் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். பெற்ற தந்தையே அதை நம்பி, இவள் சாவதே மேல் என்கிறார். அவருக்கு நான் எளிதில் மன்னிப்பு வழங்க மாட்டேன்.

அவளுக்குத் தாய் இல்லை. இருந்ததற்கு ஒரு தடயம் மட்டும் உண்டு. 1600இல் அச்சான முதல் பதிப்பின் மேடைக்குறிப்பில் லியோனாட்டோவின் மனைவி இன்னோஜென் வருகிறாள். அவளுக்கு ஒரு வசனமும் இல்லை. பின்வந்த பதிப்பாளர்கள் அவளை நீக்கிவிட்டார்கள்.

சூழ்ச்சியை வெளிக்கொணர்பவர்கள் ஊர்க்காவலர்கள். அவர்கள் காட்சியிலும் ஒரு பெயர் பிறக்கிறது. நாகரிகம் என்பது எவ்வளவு உருக்குலைந்த திருடன் என்று பொராச்சியோ பொதுவாகச் சொன்னதை ஒரு காவலர் தப்பாகக் கேட்டு, உருக்குலைந்தவன் என்ற பெயரில் ஒரு திருடன் ஏழு ஆண்டுகளாகத் திரிகிறான், அவனை எனக்குத் தெரியும் என்கிறார். கடைசி அங்கத்துக்குள் அந்தத் திருடனுக்குக் காதில் சாவியும் பூட்டும்கூட முளைத்துவிடுகின்றன. சிரிப்பதற்கான இடம்தான். இருந்தாலும், ஒரு கூப்பிடுகுரலிலிருந்து ஒழுக்கங்கெட்ட ஒருத்தியை உண்டாக்கிய பெரிய மனிதர்கள் இதற்கு முந்தைய நிகழ்ச்சிகளில் செய்ததும் இதுவே.

மீட்பும் பெயரால்தான். பண்டெல்லோவின் கதையில் ஃபெனிச்சியா வேறு ஊரில் வளர்ந்து, லுசில்லா என்ற புதுப்பெயரோடு மணமேடைக்கு வருகிறாள். ஷேக்ஸ்பியர் அந்த மாற்றுப்பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. மெசினா மக்களிடம் அவள் குற்றமற்றவள் என்று அறிவிக்க வேண்டும், கல்லறையில் இரங்கற்பா தொங்கவிட வேண்டும், பிறகு என் தம்பி மகளை மணக்க வேண்டும் என்று, ஹீரோ இறந்துவிட்டதாக நம்பும் கிளாடியோவுக்கு லியோனாட்டோ நிபந்தனை வைக்கிறார். அந்தத் தம்பி மகளுக்குப் பெயரே சொல்லப்படுவதில்லை. முகத்திரையை விலக்கும்போது, கறைபட்ட ஒரு ஹீரோ இறந்தாள், நான் உயிரோடு இருக்கிறேன் என்ற பொருளில் அவளே பேசுகிறாள். தன் பெயரைத் தானே திரும்ப எடுத்துக்கொள்கிறாள்.

நாடகத்துக்கு வெளியே அவள் பெயர் நிலைக்கவில்லை. பெனடிக், பியாட்ரிஸ் என்ற வாய்ச்சண்டைக் காதலர்கள் ரசிகர்களைக் கவர்ந்துவிட்டார்கள். 1613இல் இளவரசி எலிசபெத்தின் திருமணக் கொண்டாட்டத்துக்கு நடித்ததற்கான அரண்மனைக் கணக்கில் நாடகம் அவர்கள் பெயரிலும் பதிவாகியிருக்கிறது. மன்னர் முதலாம் சார்லஸ் தம்மிடமிருந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பில் நாடகத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் தம் கைப்பட அந்த இருவர் பெயரையே குறித்துவைத்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1862இல் பாடன்-பாடனில் அரங்கேற்றிய ஓப்பராவின் தலைப்பும் அவர்கள்தான். அதில் ஹீரோவுக்கு அருமையான பாடல்கள் உண்டு. டான் ஜானும் சன்னல் சூழ்ச்சியும் முழுக்க வெட்டப்பட்டுவிட்டதால், அங்கே அவளுக்குத் திரும்பப் பெற வேண்டிய பெயர் எதுவும் மிச்சமில்லை.