உளவு மென்பொருள்: பெயர் வைக்கும் உரிமைக்காக நடந்த சண்டை

கணினி வைரஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதை எழுதியவர் யார் என்பது பெரும்பாலும் தெரியாது. பிடிபட்டால் அவர் சிறைக்குப் போக வேண்டியிருக்கும். ஸ்பைவேர் எனப்படும் உளவு மென்பொருளின் கதை வேறு. அதைத் தயாரித்தவர்களுக்குப் பதிவு செய்யப்பட்ட நிறுவனம் இருந்தது, அலுவலகம் இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள், விளம்பரம் கொடுக்கும் வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். கணினியின் சொந்தக்காரர் சம்மதித்த பிறகுதான் தங்கள் நிரல் உள்ளே வந்தது என்று அவர்கள் வெளிப்படையாகவே வாதாடினார்கள்.

ஆகவே 2000-களில் வீட்டுக் கணினிகளைச் சுத்தம் செய்யக் கிளம்பியவர்களுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து நீக்குவது ஒன்று. அதை 'உளவு மென்பொருள்' என்று அழைக்கும் உரிமையைக் காப்பாற்றிக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது வேலைக்கு நீதிமன்றப் படிகளில் பல ஆண்டுகள் ஏற வேண்டியிருந்தது.

இலவசத்தின் விலை

1990-களின் இறுதியில் இணையத்தில் இலவச மென்பொருள்கள் பெருகின. கோப்புகளைத் தரவிறக்க ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று, படிவம் நிரப்ப ஒன்று என்று எல்லாமே காசில்லாமல் கிடைத்தன. ஆனால் எழுதியவருக்கு வருமானம் வேண்டுமே. அதற்கு விளம்பர நிறுவனங்கள் ஒரு வழி சொல்லின. இலவச மென்பொருளோடு அவர்களுடைய சிறு நிரல் ஒன்றும் சேர்ந்து போகும், அது விளம்பரம் காட்டும், வரும் காசில் ஒரு பங்கு எழுதியவருக்குக் கிடைக்கும்.

யார் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் விளம்பரத்தின் மதிப்பு கூடும். வேவு பார்க்கும் ஆசை அங்கேதான் பிறந்தது. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் ரியல்ஜூக்பாக்ஸ் என்னும் இசை மென்பொருள், பயனர் கேட்கும் பாடல்களின் விவரத்தை ஓர் அடையாள எண்ணோடு சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்புகிறது என்பது 1999 நவம்பரில் வெளியே தெரிந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அதை நிறுத்தும் திருத்தத்தையும் வெளியிட்டது.

2000-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டீவ் கிப்சன் என்ற மென்பொருள் வல்லுநர் தன் கணினியிலேயே இப்படி ஓர் அழையா விருந்தாளியைக் கண்டார். ஆரியேட் என்ற நிறுவனத்தின் விளம்பர நிரல் அது. அதைக் கூட்டிவந்த இலவச மென்பொருளை நீக்கினாலும், 'அட்வர்ட்.டிஎல்எல்' என்ற கோப்பு கணினியிலேயே தங்கிவிடும். அதை அகற்ற கிப்சன் 'ஆப்ட்அவுட்' என்ற சிறு கருவியை எழுதி வெளியிட்டார். உளவு மென்பொருளை நீக்குவதற்கென்றே வந்த முதல் கருவிகளில் இது ஒன்று.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆரியேட் நிரல் பயனரின் தகவலைத் திருடுகிறது என்று முதலில் சந்தேகித்த கிப்சன், பிறகு அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார். மறைந்து நுழைவதும் நீக்க முடியாமல் ஒட்டிக்கொள்வதும் தவறு என்ற கருத்தை மட்டும் விடவில்லை. எது உளவு, எது வெறும் விளம்பரம் என்ற சண்டை முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

கண்டுபிடித்த விதம்

அந்தக் காலத்து ஃபயர்வால்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே வருவதைத்தான் தடுத்தன. சோன்அலாரம் என்ற இலவச ஃபயர்வால் உள்ளிருந்து வெளியே போவதையும் கவனித்தது. ஒரு நிரல் இணையத்தைத் தொட முயன்றால் 'அனுமதிக்கலாமா?' என்று கேட்டது. 2000-இல் மேட்டல் நிறுவனத்தின் ரீடர் ராபிட் என்ற குழந்தைகள் கல்வி மென்பொருள் ரகசியமாக இணையத்தில் தொடர்பு கொள்வதை ஒரு பெற்றோர் கண்டது இப்படித்தான்.

கிப்சன் தன் கருவியை வெகுநாள் வளர்க்கவில்லை. லாவாசாஃப்ட் நிறுவனத்தின் ஆட்-அவேர் அதைவிட நன்றாகச் செய்கிறது என்று அதையே பரிந்துரைத்தார். ஜெர்மனியில் பாட்ரிக் கோல்லா ஸ்பைபாட் சர்ச் அண்டு டிஸ்ட்ராய் என்ற இலவசக் கருவியை எழுதினார். உலகிலேயே அற்புதமான பெண்ணுக்கு இந்த மென்பொருளைக் காணிக்கையாக்குவதாக அதன் உரிம ஒப்பந்தத்தில் எழுதி வைத்தார். நெதர்லாந்து மாணவர் மெரைன் பெல்லகொம் ஹைஜாக்திஸ் என்ற கருவியை எழுதினார். இவர்கள் யாரும் பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் அல்லர். சட்டப்படி இயங்கும் நிறுவனத்தின் பொருளை வைரஸ் பட்டியலில் சேர்ப்பதற்குப் பெரிய நிறுவனங்கள் அப்போது தயங்கின.

ஹைஜாக்திஸ் எதையும் நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாது. விண்டோஸில் ஒரு நிரல் ஒட்டிக்கொள்ளக்கூடிய இடங்களைப் பட்டியலிட்டுக் காட்டும், அவ்வளவுதான். அந்த இடங்களைத் தெரிந்துகொண்டால் இந்த நிரல்கள் வேலை செய்த விதமும் புரிந்துவிடும்.

முதலாவது, ரெஜிஸ்ட்ரியில் உள்ள 'ரன்' பட்டியல். கணினியைப் போட்டவுடன் தானாக இயங்க வேண்டிய நிரல்களின் பெயர்கள் அங்கே இருக்கும். இரண்டாவது, உலாவியின் துணை நிரல்கள். 1997-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4, வெளியார் எழுதிய நிரல்களைத் தனக்குள் ஏற்றிக்கொள்ளும் வசதியைத் தந்தது. கருவிப்பட்டைகளுக்குப் பயன்பட்ட அந்த வாசல், பயனர் போகும் ஒவ்வொரு பக்கத்தையும் கவனிப்பதற்கும் பயன்பட்டது. மூன்றாவது, 'ஹோஸ்ட்ஸ்' கோப்பு. அதில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும், ஒரு தளத்தின் முகவரியைத் தட்டியவர் வேறொரு தளத்துக்குப் போய்விடுவார்.

நான்காவது இடம் மிகவும் தொல்லையானது. விண்டோஸில் இணையத் தகவல் கடந்துபோகும் பாதையில் சங்கிலிக் கண்ணிகளைப் போல நிரல்களைக் கோக்க முடியும். நியூ.நெட் போன்றவை அங்கே கண்ணியாக நுழைந்தன. அந்தக் கோப்பை மட்டும் அவசரப்பட்டு அழித்தால் சங்கிலி அறுந்து இணைய இணைப்பே போய்விடும். இணையம் போனால், சரிசெய்யும் கருவியைத் தரவிறக்கவும் வழியில்லை.

வேறு சில ஜோடியாக இயங்கின. ஒன்றை நிறுத்தினால் மற்றொன்று அதை மீண்டும் எழுப்பிவிடும். அதனால்தான் கணினியை 'சேஃப் மோடில்' தொடங்கி, எதுவும் விழித்துக்கொள்வதற்கு முன் நீக்கச் சொன்னார்கள். இவ்வளவு தெரிந்தவர்கள் குறைவு. 2004 அக்டோபரில் ஏஓஎல் நிறுவனமும் தேசிய சைபர் பாதுகாப்புக் கூட்டணியும் அமெரிக்க வீடுகளில் நடத்திய ஆய்வில், சோதித்த கணினிகளில் 80 சதவீதத்தில் ஏதாவது ஓர் உளவு நிரல் இருந்தது.

கேட்டர்: 6000 சொற்களில் ஒரு சம்மதம்

இந்தத் தொழிலின் பெரிய பெயர் கேட்டர். 1998-இல் தொடங்கிய இந்த நிறுவனம், கடவுச்சொல்லையும் படிவங்களையும் தானாக நிரப்பும் இலவச மென்பொருளைத் தந்தது. கசா போன்ற கோப்புப் பகிர்வு மென்பொருள்களோடும் சேர்ந்து வந்தது. பயனர் ஒரு தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதன் மேலேயே வேறொருவரின் விளம்பரச் சாளரத்தைத் திறக்கும். தங்கள் பக்கத்தின் மேல் பிறர் கடை விரிப்பதை எதிர்த்து வாஷிங்டன் போஸ்ட், நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் 2002-இல் வழக்குத் தொடுத்தன. 2003-இல் சமரசம் ஆனது.

வழக்குகளால் இந்தத் தொழில் சோர்ந்துவிடவில்லை. 2003 அக்டோபரில் கிளாரியா என்று பெயரை மாற்றிக்கொண்ட கேட்டர், 2004 ஏப்ரலில் பங்குச் சந்தையில் நுழைய விண்ணப்பித்தது. அந்த விண்ணப்பத்தின்படி அதன் நிரல் 4 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களிடம் இருந்தது. 2003-ஆம் ஆண்டு வருமானம் சுமார் 9 கோடி டாலர். அதில் ஒரு பெரும் பகுதி யாஹூவின் ஓவர்ச்சர் மூலம் வந்தது. பணம் மரியாதைக்குரிய இடங்களிலிருந்தே வந்தது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இத்தனை பேரும் சம்மதித்தார்களா? கேட்டரின் உரிம ஒப்பந்தம் ஏறத்தாழ 6000 சொற்கள் நீண்டது என்று ஹார்வர்டில் படித்த ஆய்வாளர் பென் எடெல்மன் 2004-இல் எழுதினார். நிறுவனம் அங்கீகரிக்காத வழியில் நிரலை நீக்கக்கூடாது என்றும், அது அனுப்பும் தகவலை வேறு கருவியால் கவனிக்கக்கூடாது என்றும் அதில் நிபந்தனைகள் இருந்தன. அதாவது, தன் வீட்டுக் கணினியிலிருந்து என்ன வெளியே போகிறது என்று பார்ப்பதே ஒப்பந்த மீறல்.

இத்தகைய ஒப்பந்தங்களை யாராவது படிக்கிறார்களா என்று பிசி பிட்ஸ்டாப் என்ற தளம் சோதித்தது. தன் ஒப்பந்தத்துக்குள், குறிப்பிட்ட முகவரிக்கு எழுதுபவருக்குப் பணம் தரப்படும் என்று ஒரு வரியைப் புதைத்து வைத்தது. 4 மாதங்கள் கழித்து, 3000-க்கும் மேற்பட்ட தரவிறக்கங்களுக்குப் பிறகு, ஒரே ஒருவர் எழுதினார். அவருக்கு 1000 டாலர் கிடைத்தது.

பெயர் சொன்னால் வழக்கு

அதே பிசி பிட்ஸ்டாப், கேட்டரை 'ஸ்பைவேர்' என்று எழுதியதற்காக 2003-இல் அவதூறு வழக்கைச் சந்தித்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. தளம் அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டது. சிறிய தளத்தின் வாயை அடைக்கத் தீர்ப்பு வர வேண்டிய அவசியமில்லை, வழக்குச் செலவே போதும்.

நியூ.நெட் நிறுவனமும் இதே வழியில் லாவாசாஃப்ட் மீது வழக்குப் போட்டது. ஆட்-அவேர் தன்னைப் பட்டியலில் சேர்த்தது தவறு என்பது புகார். ஆனால் 2004-இல் கலிபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றம், இது பொதுநலன் சார்ந்த பேச்சுரிமை என்று சொல்லி லாவாசாஃப்ட் பக்கம் நின்றது.

உள்ளிருந்தும் விரிசல்கள் வந்தன. உளவு நீக்கி நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த கோஸ்ட் என்ற கூட்டமைப்பு, 2005-இல் 180சொல்யூஷன்ஸ் என்ற விளம்பர நிரல் நிறுவனத்தையே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. முக்கிய உறுப்பினர்கள் வெளியேறினர், கூட்டமைப்பு கலைந்தது. அதே ஆண்டு, மைக்ரோசாஃப்டின் உளவு நீக்கி கிளாரியாவின் நிரல்களைப் 'பொருட்படுத்த வேண்டாம்' என்று பயனருக்குப் பரிந்துரைப்பது தெரியவந்தது. மைக்ரோசாஃப்ட் கிளாரியாவை வாங்கப் பேசிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்த நேரம் அது. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே அளவுகோல்தான் என்றது மைக்ரோசாஃப்ட். வாங்கும் பேச்சு கைகூடவில்லை. இன்னொரு பக்கம், ஸ்பைஷெரீஃப் போன்ற போலி நீக்கிகள் இல்லாத நோயைக் காட்டிக் காசு பறித்தன.

பிறகு அரசும் தலையிட்டது. 180சொல்யூஷன்ஸ், ஹாட்பாருடன் இணைந்து ஸாங்கோ ஆனது. அதன் நிரல்கள் 7 கோடி முறைக்கும் மேல் கணினிகளில் ஏறி, 690 கோடிக்கும் மேற்பட்ட விளம்பரச் சாளரங்களைக் காட்டின என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2006 நவம்பரில் 30 லட்சம் டாலர் கட்ட ஸாங்கோ ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு கிளாரியாவும் விளம்பரச் சாளரத் தொழிலைக் கைவிட்டது.

ஆனாலும் ஸாங்கோ, தன் நிரலைத் தடுத்த காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2009 ஜூனில் அமெரிக்காவின் 9-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேண்டாத பொருளைத் தடுக்கப் பயனருக்குக் கருவி தரும் நிறுவனத்துக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று சொன்னது. தீர்ப்பு வந்தபோது ஸாங்கோ மூடப்பட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

சண்டை அதோடு தீர்ந்துவிடவில்லை. எனிக்மா நிறுவனம் மால்வேர்பைட்ஸ் மீது தொடுத்த வழக்கில், போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தோடு தடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று அதே நீதிமன்றம் 2019-இல் வரம்பு போட்டது. ஒரு நிரலைத் 'தீங்கானது' என்று அழைப்பது வெறும் கருத்தாகாது, உண்மையா பொய்யா என்று சோதிக்கக்கூடிய கூற்று என்று 2023-இல் சொன்னது. இது நியாயமாகவே படுகிறது. கிப்சன் தன் குற்றச்சாட்டில் ஒரு பாதியைத் திரும்பப் பெற்று மறுபாதியில் உறுதியாக நின்றது நினைவுக்கு வரும். பெயர் வைக்கும் உரிமை வேண்டும், வைத்த பெயருக்கு ஆதாரமும் வேண்டும்.

இன்று விளம்பரத்துக்காக ஆளைக் கவனிக்கும் வேலை பெரும்பாலும் இணையதளங்களுக்குள்ளும் கைபேசிச் செயலிகளுக்குள்ளும் நடக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் தேடி அழிக்க அங்கே கோப்பு எதுவும் இல்லை. நீண்ட ஒப்பந்தமும் அதன் கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானும் மட்டும் அப்படியே இருக்கின்றன.