ஆயிரம் பிரதிகள் மட்டும்: அரிய இசைத்தட்டுகளின் வரலாறு

இத்தனை பிரதிகள்தான் என்று முன்கூட்டியே வரம்பு கட்டி இசைத்தட்டு வெளியிடும் வழக்கம் ஆடம்பரத்தில் பிறந்ததல்ல; நட்டத்துக்கு அஞ்சியதில் பிறந்தது. ஸ்காட்லாந்து எழுத்தாளர் காம்ப்டன் மெக்கென்ஸி 1924-ல் நேஷனல் கிராமஃபோனிக் சொசைட்டி என்ற சங்கத்தைத் தொடங்கி, பெரிய நிறுவனங்கள் சீண்டாத அறை இசையைச் சந்தாதாரர்களுக்கு மட்டும் தட்டுகளாக அச்சிட்டுக் கொடுத்தார். உலகப் பொருளாதார மந்தத்தால் விற்பனை சரிந்து கிடந்த 1931-ல் இதே வழியை எச்.எம்.வி. நிறுவனமும் பிடித்தது. அங்கு வேலை பார்த்த வால்டர் லெக் என்ற இளைஞருக்கு ஹூகோ வுல்ஃப் என்ற ஆஸ்திரிய இசையமைப்பாளரின் பாடல்களைப் பதிவு செய்ய ஆசை. போட்ட முதல் திரும்புமா என்று மேலிடம் தயங்கியது. 500 பேர் முன்பணம் கட்டினால் பதிவு செய்வோம், இல்லையென்றால் விட்டுவிடுவோம் என்றார் லெக். ஆள் சேர்ந்தது, ஜப்பானிலிருந்து மட்டுமே நூறு பேருக்கு மேல் பணம் அனுப்பினார்கள். எலெனா கெர்ஹார்ட் பாடிய முதல் தொகுதி வந்தது. அதன் தெம்பில் பீத்தோவன் சொனாட்டா சங்கம் கூடி, ஆர்த்தர் ஷ்னாபெல் 1932 முதல் 1935 வரை அபே ரோடு கூடத்தில் 32 பியானோ சொனாட்டாக்களையும் வாசித்துப் பதிந்தார். அவற்றின் முதல் முழுப்பதிவு அதுதான்.

அந்தச் சங்கங்களின் காலத்தில் எண்ணிக்கை நேர்மையாக இருந்தது. எத்தனை பேர் பணம் கட்டினார்களோ அவர்களை நம்பித்தான் தட்டு அச்சேறியது. பிற்காலத்தில் கடைகளில் வந்து குவிந்த லிமிடெட் எடிஷன்கள் பலவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

500, 1,000 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வருவதற்குத் தொழில்முறைக் காரணம் ஒன்று உண்டு. அலுமினியத் தகட்டின் மேல் பூசிய மெல்லிய லாக்கர் பூச்சில், வைர அல்லது மாணிக்க முனை கொண்ட வெட்டுமுள் இசையைச் சுருள்கோடாகக் கீறுகிறது. அந்தத் தகட்டுக்கு வெள்ளி பூசி, மேலே நிக்கல் முலாம் ஏற்றிப் பிரித்தால் எதிர்ப்படிவம் கிடைக்கும். அதற்குத் தந்தை என்று பெயர். தந்தையிலிருந்து எடுப்பது தாய். தாயிலிருந்து எடுப்பது ஸ்டாம்பர். சூடான வினைலை அழுத்தித் தட்டாக்குவது இந்த ஸ்டாம்பர்தான். ஏறக்குறைய ஆயிரம் தட்டு அச்சடித்ததும் அதன் கோடுகள் மழுங்கத் தொடங்கும்; பிறகு புதிய ஸ்டாம்பர் எடுக்க வேண்டும். கீறும் செலவும் முலாம் செலவும் நூறு தட்டுக்கும் ஆயிரம் தட்டுக்கும் ஒன்றே. ஆகவே பக்கத்துக்கு ஒரு ஸ்டாம்பரோடு கணக்கை முடித்துக்கொள்வது சிறு நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகும்.

திட்டமிடாமல் நேர்ந்த அருமை தனிக் கதை. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய 78 சுழற்சித் தட்டுகளின் முக்கிய மூலப்பொருள் அரக்கு. உலகத்துக்கு அதைப் பெருமளவில் கொடுத்தவை இந்தியக் காடுகள். இரண்டாம் உலகப் போரில் அரக்கு வரத்துக் குறைந்தது. அரக்குத் தட்டு கப்பல் பயணத்தில் நொறுங்கவும் செய்தது. அதனால் அமெரிக்க இராணுவம் 1943 முதல் தன் வீரர்களுக்கு அனுப்பிய வி-டிஸ்க் தட்டுகளில் வினைல் கலவையைப் பயன்படுத்தியது. அப்போது இசைக் கலைஞர் சங்கம் பதிவு நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தத்தில் இருந்தது. தட்டுகளைச் சந்தையில் விற்கக்கூடாது, வேலை முடிந்ததும் மூலங்களை அழித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அது இராணுவத்துக்கு இசைந்தது. 1949-ல் திட்டம் முடிந்தபோது மூலங்கள் அழிக்கப்பட்டன. கையிருப்பும் குப்பைக்குப் போனது. வீரர்கள் மூட்டையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோனவை பிழைத்தன. இலட்சக்கணக்கில் அடித்த தட்டும் இப்படி அரிதாகலாம்.

1966 ஜூனில் கேப்பிடல் நிறுவனம் அமெரிக்காவில் பீட்டில்ஸ் குழுவின் தொகுப்பு ஒன்றை வெளியிட இருந்தது. வெள்ளை அங்கியும், மடியில் இறைச்சித் துண்டுகளும், உடைந்த பொம்மைகளுமாக நால்வரும் சிரிக்கும் படம் அதன் உறையில் இருந்தது. கடைக்காரர்கள் முகம் சுளித்ததும் நிறுவனம் தட்டுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டது. ஆனால் உறைகளை எல்லாம் கிழிக்க மனமில்லாமல், பலவற்றின் மேல் வேறொரு படத்தை ஒட்டிக் கடைக்கு அனுப்பியது. சேகரிப்போர் இன்று மூன்று நிலை சொல்கிறார்கள்: ஒட்டுப்படாத உறை முதல் நிலை, ஒட்டு அப்படியே இருப்பது இரண்டாம் நிலை, ஒட்டிய தாளை யாரோ உரித்தெடுத்தது மூன்றாம் நிலை. உள்ளே இருக்கும் தட்டு மூன்றிலும் ஒன்றுதான். விலை முழுவதும் அட்டைக்கு.

செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் 'காட் சேவ் த குவீன்' பாட்டு இதைவிடத் தெளிவான பாடம். 1977 மார்ச் 10 அன்று பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் ஏ அண்ட் எம் நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. ஒரு வாரம் நிறைவதற்குள் ரத்தும் செய்தது. அதற்குள் சுமார் 25,000 பிரதிகள் அச்சாகியிருந்தன. அநேகமாக எல்லாமே அழிக்கப்பட்டன. மே மாதம் வர்ஜின் நிறுவனம் அதே பாட்டை வெளியிட்டு அமோகமாக விற்றது. வர்ஜின் லேபிள் ஒட்டியதை இன்றும் சாதாரண விலைக்கு வாங்கலாம். ஏ அண்ட் எம் லேபிள் ஒட்டியது ஏலத்துக்குத்தான் வரும்.

இந்தியாவுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அமெரிக்காவும் பிரிட்டனும் 1960-ஐ ஒட்டி 78 சுழற்சித் தட்டுகளைக் கைவிட்டன. இங்கோ மின்சாரம் எட்டாத வீடுகளில் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமஃபோன்கள் பாடிக்கொண்டிருந்தன. ஆகவே கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலை, பார்லஃபோன் லேபிளோடு பீட்டில்ஸ் பாடல்களையும் 78 சுழற்சியில் அடித்துத் தள்ளியது. 1960-களின் நடுப்பகுதி வரை இது நடந்தது. யாரும் அவற்றை லிமிடெட் எடிஷன் என்று அழைக்கவில்லை. இன்று உலகெங்கும் உள்ள பீட்டில்ஸ் சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்களில் அவையும் சேர்ந்துவிட்டன.

எண் அச்சிட்டால் மதிப்பு வரும் என்ற எண்ணத்தைக் கிண்டல் செய்தவர்களும் அதே பீட்டில்ஸ்தான். 1968 நவம்பரில் வந்த அவர்களின் வெள்ளை உறைத் தொகுப்பை வடிவமைத்தவர் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன். வெறும் வெள்ளை அட்டை, புடைப்பாகப் பெயர், கீழே ஒரு வரிசை எண். இலட்சக்கணக்கில் விற்கப்போகும் பொருளுக்கு ஓவியப் பிரதிபோல எண் போடுவதில் இருந்த குறும்பு அவருக்குப் பிடித்திருந்தது. நாட்டுக்கு நாடு தனி வரிசை ஓடியதால் ஒரே எண் பல உறைகளில் இருக்கலாம். ஆனாலும் ரிங்கோ ஸ்டார் வைத்திருந்த 0000001 என்ற பிரதி 2015 டிசம்பரில் 7,90,000 டாலருக்கு ஏலம் போனது. கிண்டல் அத்தோடு மறந்துபோனது. வரிசை எண் விற்பனை உத்தியாக நிலைத்துவிட்டது.

1980-களின் இறுதியில் சி.டி. வந்து வினைலை ஓரங்கட்டியபோது சந்தா முறை மறுபடி தலைதூக்கியது. சியாட்டில் நகரின் சப் பாப் நிறுவனம் மாதம் ஒரு தட்டு அனுப்பும் சங்கம் தொடங்கி, 1988 நவம்பரில் நிர்வாணா என்ற அறிமுகமில்லாத குழுவின் 'லவ் பஸ்' தட்டை 1,000 பிரதிகளில் கையால் எண்ணிட்டு வெளியிட்டது. மூன்று ஆண்டுக்குள் அந்தக் குழு உலகப் புகழ் பெற்றது, தட்டின் விலை ஏறியது, போலிகளும் வந்தன. அதே காலத்தில் வேறு குழுக்கள் 300, 500 என்று அடித்த எத்தனையோ தட்டுகள் இன்னும் சில டாலருக்குக் கிடைக்கின்றன. எண்ணிக்கை சிறிதாக இருந்தால் மட்டும் போதாது, கேட்பவர் கூட்டம் பெரிதாக இருக்க வேண்டும். இதை முன்கூட்டிக் கணித்து வாங்குவது சூதாட்டம். பிடித்த இசை என்று வாங்கியவருக்கு இது தற்செயல் இலாபம்.

2008 ஏப்ரல் 19 அன்று அமெரிக்கத் தனிக்கடைகள் முதல் 'ரெக்கார்ட் ஸ்டோர் டே'யை நடத்தின. பேரங்காடிகளிடமும் இணையத்திடமும் வாடிக்கையாளரை இழந்த கடைகள், அன்று மட்டும் கிடைக்கும் தட்டுகளைக் காட்டி ஆளை வாசலுக்கு வரவழைத்தன. முதல் ஆண்டில் விரல்விட்டு எண்ணும்படி இருந்த சிறப்பு வெளியீடுகள் பின்னர் நூற்றுக்கணக்கில் பெருகின. காலையில் வரிசையில் நின்று வாங்கியது மதியத்துக்குள் இணையத்தில் இரட்டை விலைக்கு ஏறியது. அடுத்து வந்தது வண்ணங்களின் காலம்: ஒரே தொகுப்பு சிவப்பில், பளிங்குக் கோலத்தில், ஒரு கடைக்கு மட்டுமான நீலத்தில். அமெரிக்காவில் 2022-ல் 4.1 கோடி வினைல் தட்டுகளும் 3.3 கோடி சி.டி.க்களும் விற்றன, 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் வினைல் முந்தியது அதுவே முதல் முறை. வண்ண வகைகளுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் வண்ணம் மாறுவதால் ஒலி உயர்வதில்லை. பத்து வண்ணத்துக்கும் மூலவெட்டு பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே பாட்டைப் பத்து முறை விற்கும் இந்த ஏற்பாட்டை லிமிடெட் எடிஷன் என்று அழைப்பது வியாபார சாமர்த்தியம், அவ்வளவே.

உயர்தர ஒலிக்காக அதிக விலை கேட்கும் பதிப்புகள் வேறு ரகம். கலிஃபோர்னியாவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் 'ஒன்-ஸ்டெப்' என்ற முறையில் தாய், தந்தைப் படிகளைத் தவிர்த்து, கீறிய தகட்டிலிருந்தே ஸ்டாம்பர் எடுத்தது. ஒரு தகட்டுக்கு ஒரு ஸ்டாம்பர்தான் என்பதால் பிரதிகள் இயல்பாகவே குறையும். 2022-ல் அதே முறையில் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' 40,000 பிரதிகள் வரும் என்று அறிவித்தபோது சிலர் கணக்குப் போட்டார்கள். ஸ்டாம்பருக்கு ஆயிரம் என்றால் நாற்பது தகடுகள் கீற வேண்டும்; அத்தனை முறை பழைய மூல நாடாவை ஓட்ட யார் அனுமதிப்பார்கள்? அந்த ஆண்டு ஜூலையில் நிறுவனத்தின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள்: நாடாவை டிஜிட்டலில் பதிந்துகொண்டு அதிலிருந்து கீறும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்தது. டிஜிட்டல் கலப்பில்லை என்று நம்பி வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்து, சுமார் 2.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. டிஜிட்டல் என்றால் காதே சொல்லிவிடும் என்று சாதித்து வந்தவர்கள் அந்தத் தட்டுகளைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் உறையில் ஒட்டிய பளபளப்புச் சீட்டைப் பார்ப்பதில்லை. தட்டைச் சாய்த்து, கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தை வெளிச்சத்தில் படிக்கிறார்கள். மூல எண், எத்தனையாவது வெட்டு, யார் வெட்டினார், எந்த ஆலை என்பதெல்லாம் அங்கே கீறியிருக்கும். ப்ளூ நோட் நிறுவனத்தின் பழைய ஜாஸ் தட்டு ஒன்றில் பொறியாளர் ரூடி வான் கெல்டரின் ஆர்.வி.ஜி. முத்திரையும், பிளாஸ்டிலைட் ஆலையின் சாய்ந்த 'பி' எழுத்தும் இருக்க வேண்டும். காதுபோல வளைந்திருப்பதால் சேகரிப்பாளர்களிடையே அதற்குக் காது என்றே பெயர். 1966-க்குப் பின் வந்த அச்சுகளில் காது கிடையாது. லேபிளில் உள்ள நியூயார்க் முகவரி லெக்சிங்டன் அவென்யூவா, மேற்கு 63-ஆம் தெருவா என்பதும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். 2000-ல் தொடங்கிய டிஸ்காக்ஸ் தளம் இந்தக் கீறல்களைப் பதிப்பு வாரியாகத் திரட்டி வைத்திருப்பதால், ஒரு காலத்தில் முதிய கடைக்காரர்களின் தலையில் மட்டும் இருந்த அறிவு எவருக்கும் எட்டும்.

அதன் பிறகுதான் தட்டின் நிலை. அமெரிக்காவின் கோல்ட்மைன் இதழ் வகுத்த தர வரிசையை உலகச் சந்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய புதிது என்ற தரத்துக்கு முழு விலை என்றால், அடுத்த படியான வி.ஜி. (வெரி குட்) பிளஸ்ஸுக்குப் பாதி, வெறும் வி.ஜி.க்குக் கால். உறை பிரிக்காத தட்டுக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். உள்ளே வளைந்திருக்கிறதா என்று பிரிக்காமல் தெரியாது.

தமிழ்த் திரையிசைத் தட்டுகளை மதிப்பிடவும் இந்தத் தர வரிசையே பொருந்தும். 1980-களில் எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா எல்.பி.க்களின் உறையில் பிரதி எண்ணும் இல்லை, வரம்பு பற்றிய அறிவிப்பும் இல்லை. கேசட் வந்து எல்.பி. அச்சு நின்றுபோனதால் அவை தாமாகவே அரிதாயின. அவற்றை வாங்குவோர் படத்தின் பெயருக்கு முன் கோடுகளைப் பார்ப்பது நல்லது. தேய்ந்த முள்ளில் ஓடிய தட்டில் உயர்ந்த சுரங்கள் கரகரக்கும். கழுவினால் தூசி போகும், அந்தத் தேய்மானம் போகாது.