தலைமன்னார் இரவுத் தபால் வண்டி

இரவுப் புகையிரதத்தில் படுக்கை ஒன்றை ஒதுக்கிக்கொண்டு செல்லும் பிரயாணி எதிர்பார்ப்பது மிகச் சிறிது. அறைக்கதவை உள்ளிருந்து தாழிட வேண்டும். விரிப்புத் தூயதாக இருத்தல் வேண்டும். விளக்கை அணைத்ததும் நித்திரை வருதல் வேண்டும். கண் விழிக்கும்போது சேரவேண்டிய இடம் அண்மித்திருத்தல் வேண்டும். இவற்றுள் முதலிரண்டையும் புகையிரதப் பகுதியார் கொடுத்துவிடுவர். மூன்றாவது, பிரயாணியின் உடலையும் உள்ளத்தையும் பொறுத்தது. நான்காவதோ சில காலங்களில் நாட்டின் வரலாற்றையே பொறுத்ததாகிவிடுகின்றது. கொழும்புக்கும் தலைமன்னார் இறங்குதுறைக்கும் இடையே ஓடிய இரவுத் தபால் வண்டியின் கதை இதனைத் தெளிவாகக் காட்டும்.

சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே புகையிரதத்தையும் கப்பலையும் இணைத்துப் பிரயாணஞ் செய்யும் வழக்கம் தலைமன்னாருக்கு முற்பட்டது. முதலில் அந்த வழி தூத்துக்குடியூடாக அமைந்திருந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடிவரை புகையிரதத்தில் வந்து, ஆழமற்ற கரையிலிருந்து படகேறி, தூரத்தே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலை அடைந்து, மன்னார் வளைகுடாவைக் கடந்து கொழும்பை அடைய வேண்டும். வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906இல் நிறுவிய சுதேசிக் கப்பற் கம்பனி பிரித்தானியக் கம்பனியோடு போட்டியிட்டதும் இதே தூத்துக்குடி - கொழும்பு வழியிலேயாகும். அக்காலத்தில் இரவுப் பிரயாணம் என்றால் அலையிற் படுத்திருப்பதே. நித்திரை கிடைப்பதும் கிடையாமற் போவதும் கடலின் கையில் இருந்தன.

1914ஆம் ஆண்டு இந்நிலையை மாற்றியது. அவ்வாண்டு பெப்ரவரி 24ஆம் திகதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று அதிக நீளமுள்ள அப்பாலத்தின் நடுவே கப்பல்கள் செல்வதற்காக இரு பக்கமும் உயர்ந்து திறக்கும் பகுதியும் அமைக்கப்பட்டிருந்தது. அதனால் தென்னிந்தியப் புகையிரதம் இராமேசுவரத் தீவினுட் புகுந்து, அதன் தென்கிழக்கு முனையான தனுஷ்கோடிவரை ஓடலாயிற்று. இக்கரையிலோ கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வடபகுதிப் பாதை 1905இல் நிறைவெய்தியிருந்தது. அப்பாதையில் மதவாச்சியிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 106 கிலோமீற்றர் நீளமான கிளை ஒன்று தலைமன்னார் இறங்குதுறைவரை அமைக்கப்பட்டது. இரு முனைகளுக்கும் இடையே எஞ்சிய ஏறத்தாழ 22 மைல் கடலைக் கடக்கக் கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்னும் மூன்று நீராவிக் கப்பல்கள் சேவையில் விடப்பட்டன. சென்னையில் வாங்கிய ஒரே சீட்டோடு கொழும்பு வந்து சேரலாம் என்ற நிலை உண்டாயிற்று. தபால் மூட்டைகளையும் கப்பற் பிரயாணிகளையும் ஒருங்கே கொண்டு சென்றமையால் அந்த வழியின் வண்டிக்குப் ‘போட் மெயில்’ என்ற பெயர் நிலைத்தது.

இனி, கொழும்புக் கோட்டை நிலையத்தில் இருட்டியபின் இவ்வண்டியில் ஏறிய ஒருவர் என்ன கண்டிருப்பார் என்பதை நோக்கலாம். முதலாம் வகுப்புப் படுக்கையை முன்னரே ஒதுக்கியவர், தம் பெயரைப் பட்டியலிற் பார்த்துத் தம் அறையை அடைவார். சிறிய அறை அது. கீழே ஒரு படுக்கை, மேலே ஒரு படுக்கை, முகங்கழுவ ஒரு தொட்டி, மரச்சட்டங்கள் பொருத்திய பலகணி. மேற்படுக்கை கிடைத்தவருக்கு ஏறி இறங்குவது தொல்லை. கீழ்ப்படுக்கை கிடைத்தவருக்கு நிலையங்களின் ஒளியும் ஓசையும் தொல்லை. நிலக்கரி எரித்த இயந்திரங்களின் காலத்தில் பலகணியைத் திறந்துவைத்து உறங்கியவர், காலையில் தலையணையிற் கரித்தூளைக் காண்பார். மூடிவைத்தவர் புழுக்கத்தில் விழித்திருப்பார். அனுபவசாலிகள் சட்டங்களைப் பாதி சாய்த்துவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வர். நள்ளிரவுக்குப்பின் உலர்வலயக் காடுகளின் குளிர் உள்ளே புகும் என்பதை அவர்கள் அறிவர்.

முதற் சில மணி நேரத்தில் நித்திரை வராது. பாதையின் மூட்டுக்களிற் சக்கரம் தட்டும் ஒலி முதலில் இடைஞ்சலாக இருக்கும். பின்பு அதுவே தாலாட்டாகும். ஒலி நின்றால்தான் உறங்குபவர் விழிப்பர். அவ்வாறு விழிக்கும் இடங்களுள் ஒன்று பொல்காவலை. மலைநாட்டுப் பாதை பிரியும் சந்தி அது. கண்டி, நாவலப்பிட்டி, அட்டன் பக்கங்களிலிருந்து வரும் பிரயாணிகள் அங்கே வடபகுதிப் பாதைக்கு மாறுவர். அதன்பின் குருநாகல், மாகோ, அனுராதபுரம். மதவாச்சியில் யாழ்ப்பாணப் பாதை நேரே வடக்கே செல்ல, தலைமன்னார்ப் பாதை இடப்பக்கம் திரும்பும். அதற்கப்பால் அடர்ந்த காடு. யானை குறுக்கிடும் அச்சத்தால் இயந்திரசாரதி கண்ணயர முடியாத பகுதி அது. செட்டிகுளம், மடுவீதி, முருங்கன் என்னும் நிலையங்கள் கடந்தபின் கீழ்வானம் வெளுக்கும். காடு குறைந்து, முட்புதரும் மணலும் தோன்றும். பாலத்தைக் கடந்து மன்னார்த் தீவினுள் வண்டி நுழையும்போது பனைகளையும், அராபிய வணிகர் கொண்டுவந்தனரெனச் சொல்லப்படும் பெருக்கமரங்களையும் காணலாம். பேசாலை தாண்டியதும் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். அப்போது படுக்கையைச் சுருட்டத் தொடங்கலாம்.

இறங்குதுறையில் வண்டி ஏறத்தாழக் கப்பலின் அருகிலேயே நிற்கும். சுங்கப் பரிசோதனையும் வைத்திய பரிசோதனையும் முடிந்தபின் கப்பலேறினால், சில மணி நேரத்தில் தனுஷ்கோடி. அங்கே காத்திருக்கும் வண்டி சற்று ஒடுக்கமாகத் தோன்றும். இலங்கைப் பாதை ஐந்தரை அடி அகலமுடையது, அக்கரைப் பாதையோ அக்காலத்தில் ஒரு மீற்றர் அகலமே உடையதாக இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னையிற் கல்வி கற்கச் சென்ற மாணவர், இராமேசுவர யாத்திரிகர், வணிகர், இங்குள்ள கோயில் விழாக்களுக்கு வந்த நாதசுர வித்துவான்கள் எனப் பலர் இவ்வழியைப் பயன்படுத்தினர். சென்னையின் வார இதழ்களும் இவ்வழியே வந்து இலங்கை வாசகர் கைக்குச் சேர்ந்தன. இவர்களுக்கு இவ்விரவு, வீட்டிலிருந்து புறப்பட்டு வீட்டுக்குத் திரும்பும் பிரயாணத்தின் ஒரு பகுதி. ஆதலால் பெரும்பாலும் அவர்கள் உறங்கினர்.

ஆனால் அதே வண்டியின் மூன்றாம் வகுப்புப் பலகைகளில் வேறொரு மக்கட்கூட்டம் பிரயாணஞ் செய்தது. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிற் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வரத் தொடங்கியபோது, தமிழகத்தின் தென்மாவட்ட மக்கள் தோணியிற் கடலைக் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டவர் பல்லாயிரவர். 1914இல் ஏற்பட்ட இணைப்பு அந்நெடுநடையை ஓர் இரவுப் பிரயாணமாகச் சுருக்கியது. அதன் நன்மையை மறுத்தல் இயலாது. எனினும், படுக்கை அறைப் பிரயாணி ஒரு சீட்டோடு கடந்த கரையில், தொழிலாளர் குடும்பங்கள் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தப்பட்டு, நோய் இல்லையென உறுதிசெய்யப்பட்ட பின்னரே அனுப்பப்பட்டன. இந்திய மண்ணில் இருந்தும் அம்முகாம் இலங்கை அரசாங்கத்தின் நிர்வாகத்தில் இருந்தது. பாதை ஒன்று, வண்டி ஒன்று. நடத்தப்பட்ட முறைமட்டும் இரண்டு.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டில் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், ஏறத்தாழ 9,75,000 பேரின் வாழ்வைக் கணக்கிற் பிரித்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்பது அதன் சாரம். அந்த எச்சத்தை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன.

ஒப்பந்தம் முடிந்து இரு மாதங் கழியுமுன் கடலும் தன் தீர்ப்பை வழங்கியது. 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு எழுந்த சூறாவளி இலங்கையின் வடபகுதியைத் தாக்கியபின் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பிரயாணிகள் வண்டி ஒன்று, நிலையத்தை அண்மித்த வேளையிற் பேரலையில் அகப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். பாம்பன் பாலத்தைப் பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களிற் செப்பனிட்டனர். ஆயினும் தனுஷ்கோடிக்குப் பாதை மீண்டும் போடப்படவில்லை. கப்பற் சேவை இராமேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. பின்னாளில் ‘இராமானுஜம்’ என்னும் கப்பல் அங்கிருந்து தலைமன்னாருக்கு ஓடியது.

ஒப்பந்தப்படி இந்தியா செல்லவேண்டியவருட் பெரும்பாலோர் இவ்வழியேதான் சென்றனர். பண்டாரவளை, நானுஓயா, தலவாக்கலை, அட்டன் முதலிய நிலையங்களில் அவர்களை வழியனுப்ப வந்தோர் மேடையில் விழுந்து அழுதனர். ஒரே குடும்பத்தில் தாய் இந்தியப் பிரசையாகவும் மகள் இலங்கைப் பிரசையாகவும் ஆன வீடுகள் உண்டு. புறப்பட்டவர் வண்டியிலும் நின்றவர் மேடையிலுமாக ஒப்பாரி எழுந்தமையால், மலைநாட்டு மக்கள் அவ்வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ எனப் பெயரிட்டனர். பொல்காவலையில் வடக்கே திரும்பி, பாட்டன்மார் நடந்து வந்த காடுகளூடே இரவு முழுவதும் சென்று, காலையில் அவர்கள் கடலைக் கண்டனர். இலங்கையிலேயே பிறந்து, அக்கரையை ஒருநாளும் காணாதவர் பலர். அவர்களைப் பொறுத்தவரை கப்பலேறுவது நாடு திரும்புதலன்று, நாட்டைவிட்டு நீங்குதலே. 1980களின் நடுப்பகுதிக்குள் இவ்வாறு சென்றவர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு 1968இல் நீலகிரியிற் புதிய தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அங்கும் கொழுந்து கிள்ளும் கைகள் அவர்களுடையனவே.

1984இல் உள்நாட்டுக் கலவரங் காரணமாகக் கப்பற் சேவை நின்றது. இந்தியா செல்லாது எஞ்சியவருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. 1990இல் வடக்கே வண்டிகள் ஓடுவது நின்றது. மதவாச்சிக்கு அப்பால் தலைமன்னார்ப் பாதையும் போரில் அழிந்தது. அப்பாதை திருத்தப்பட்டு 2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னார் இறங்குதுறைக்கு மீண்டும் வண்டி வந்தபோது, அதனை எதிர்கொள்ளக் கப்பல் இருக்கவில்லை. 2023 ஒக்டோபரில் இரு நாடுகளுக்கிடையே தொடங்கிய பிரயாணிகள் கப்பலும் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலேயே ஓடியது. சென்னையில் இராமேசுவர வண்டியை முதியோர் ‘போட் மெயில்’ என்று அழைக்கும் வழக்கம் கப்பல் மறைந்த பின்னும் நீடித்தது.

இரவு வண்டியின் வசதிகளைப் பற்றி எழுதுவோர் விரிப்பையும் தலையணையையும் தாழ்ப்பாளையும் குறிப்பிடுவர். அவை வேண்டியனவே. ஆயினும், தலைமன்னார் வண்டியின் ஏழு தசாப்த வரலாற்றை நோக்குமிடத்து, உறக்கம் தந்தது படுக்கை மட்டுமன்று என்பது புலனாகும். விடியும்போது இறங்கும் இடம் தம்முடையது என அறிந்தவர் பலகையிலும் உறங்கினர். அவ்வுறுதி இல்லாதவர், அன்றிரவு பட்டுமெத்தை கிடைத்திருந்தாலும் விழித்தேயிருந்திருப்பர்.