ஸ்பிரைற்றும் மிட்ஜெற்றும்: இறப்பர் வரலாற்றில் ஒரு குறிப்பு

பண்டங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கிய கம்பனிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மூலப்பொருளைத் தந்த மக்கள் அதில் இடம்பெறுவதில்லை. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களை மனங்கொண்டு, பிரித்தானிய இலகுரக ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் இரு வடிவங்களை இங்கு ஒப்புநோக்க முனைகின்றோம்.

1958இல் வெளிவந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைற், 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினையும் 43 பரிவலுவையும் கொண்டது. கதவுகளுக்கு வெளிப்புறக் கைபிடி இல்லை. பின்புறப் பொதியறைக்கு மூடியும் இல்லை. வேண்டாதவற்றை விலக்கியே இலகுவும் மலிவும் பெறப்பட்டன. 1961இல் திருத்தியமைக்கப்பட்ட அதே கார், எம்.ஜி. மிட்ஜெற் என்ற பெயரிலும் விற்கப்பட்டது. 1971இல் ஸ்பிரைற் மறைந்தது. மிட்ஜெற் 1979 வரை நிலைத்தது.

1974இல் வந்த மிட்ஜெற் 1500 முற்றிலும் வேறொரு பண்பினது. 1,493 கன சென்ரிமீற்றர் எஞ்சின் வலுவைக் கூட்டிற்று. ஆயின் அமெரிக்க விதிகளுக்கு இணங்கக் கனத்த கரிய மோதுதாங்கிகள் பொருத்தப்பட்டன. காரின் உயரமும் கூட்டப்பட்டது. இதனால் வளைவுகளில் முன்னைய உறுதி குன்றிற்று. முதல் வடிவத்தை ஆக்கியது சிக்கனம்; இரண்டாவதை ஆக்கியது ஏற்றுமதிச் சந்தை.

அம்மோதுதாங்கிகளை மக்கள் 'இறப்பர்' என்றே அழைத்தனர். உண்மையில் அவை பொலியூரிதேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆனவை. மரத்தின் பால் விலக்கப்பட்ட இடத்திலும் அதன் பெயர் எஞ்சியது.

அப்பெயரின் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. 1876இல் ஹெனரத்கொடையில் நடப்பட்ட கன்றுகளிலிருந்து வளர்ந்தது இலங்கையின் இறப்பர்த் தொழில். 1942இல் மலாயா வீழ்ந்தபின், நேசநாடுகளின் தேவைக்காக இங்குள்ள மரங்கள் அளவுமீறி வெட்டப்பட்டன. 1952ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு ஈடாகச் சீனா 270,000 தொன் அரிசி தர இணங்கியது. எனவே ஸ்பிரைற் ஓடிய காலத்தில், எமது இறப்பரின் கணிசமான பங்கு பிரித்தானியாவுக்கன்றி நாட்டு மக்களின் உணவுக்காகவே சென்றது. எனினும் விடியுமுன் எழுந்து அப்பாலை வெட்டிய மலையகத் தமிழருட் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயிருந்தனர்.

மிட்ஜெற் 1500 வெளிவந்த அதே 1974இல், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்த 150,000 பேரை இலங்கையும் இந்தியாவும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டன. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. ஒரு காரின் முகப்பு நசுங்காதிருக்க மோதுதாங்கிகள் பொருத்தப்பட்ட அவ்வாண்டில், தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. நாடற்ற நிலைக்குச் சட்டத்தில் முடிவுகாண 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்விரு கார்களும் இன்று அன்போடு பேணப்படுகின்றன. அவற்றின் ஒவ்வோர் உதிரிப்பாகத்துக்கும் வரலாறு எழுதப்பட்டுள்ளது. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பால் வெட்டியோரின் வரலாறும் அத்துணை நுணுக்கமாக எழுதப்படல் வேண்டும் என்பதே எமது துணிபு.