கிள்ளினால் பெருகுபவை

மைசூரில் பவளத் தொட்டி வைப்பவர், குழாய்த் தண்ணீரை ஆர்.ஓ. கருவியில் வடிகட்டி, கடலுப்புக் கலவையைக் கரைத்துத்தான் கடல்நீர் செய்கிறார். அந்த நீரில் கடலுயிர் எதுவும் இராது. ஆகவே தொட்டியில் ஒருநாள் ஏப்டேசியா என்ற பழுப்பு நிறக் கடற்சாமந்தி தலைகாட்டினால், கல்லோ பவளத்துண்டோ நத்தை ஓடோ, நாமே இறக்கிய ஏதோ ஒன்றில்தான் அது ஒட்டி வந்திருக்கிறது.

மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுக்கு வந்த கப்பாபைகஸ் பாசி அப்படி ஒளிந்து வந்ததல்ல. உணவுத் தொழிலுக்குத் தேவையான கராஜீனனுக்காக, தென்கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்ட அதை அறிந்தே கொண்டுவந்து, மண்டபம் பகுதியில் வளர்த்துப் பார்த்தார்கள். 2000களின் தொடக்கத்தில் பெப்சிகோ வணிகச் சாகுபடியில் இறங்கியது. 2008இல் குருசடையின் பவளங்கள்மேல் இந்தப் பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பின்னர் சிங்கிள், முள்ளித் தீவுகளிலும் அது தென்பட்டது.

ஒன்று விலங்கு, மற்றது பாசி. ஆனால் பெருகும் விதத்தில் இரண்டும் உடன்பிறப்புகள். ஏப்டேசியாவைப் பிடுங்கப் போனால் பொந்துக்குள் சுருங்கிக்கொள்ளும். பாறையில் மிஞ்சும் அடிப்பாதத் துணுக்கு புதிய உயிராக வளரும். கப்பாபைகஸும் வித்தில்லாமலேயே அறுந்த துண்டிலிருந்து தழைக்கும். பவளத்தைக் கொல்லும் விதம் மட்டும் வேறு. ஏப்டேசியா கொட்டும் அணுக்களால் சுடுகிறது. பாசி போர்த்தி மூடி, பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்கிறது.

இதனால் ஒட்டிவரும் எல்லாவற்றையும் பகையாகக் கருதுவது தவறு. இரவில் ஊரும் முள்புழுவைக் கண்டு பலர் பதறுகிறார்கள். பவளம் தின்னும் இனங்களும் உண்டுதான். ஆனால் தொட்டிகளில் காண்பவை பெரும்பாலும் மிச்ச இரையைத் தின்று துப்புரவு செய்பவை. வெறுங்கையால் தொடாமலிருந்தால் போதும். அவை அளவுமீறிப் பெருகினால் இரையைக் குறைக்க வேண்டும். கப்பாபைகஸும் அப்படித்தான். பாக் விரிகுடாவில் கயிற்றில் இருக்கும்வரை மீனவப் பெண்களுக்கு அது வருமானம். பவளத்தின்மேல் ஏறிவிட்டால் கேடு. எந்த உயிர் என்பதோடு எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தொட்டிக்காரருக்கு வழிகள் உண்டு. பம்பை நிறுத்திவிட்டு, குழைத்த சுண்ணாம்பை, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடை, ஊசியால் ஏப்டேசியாவின் வாய்மேல் வைக்கலாம். ஒரே நாளில் பலவற்றுக்கு வைத்தால் நீரின் காரத்தன்மை ஏறிப் பவளமே நலியும். பெர்கியா என்ற ஓடில்லாக் கடல்நத்தை ஏப்டேசியாவை மட்டுமே தின்னும். அந்த இரை தீர்ந்ததும் பெர்கியா பட்டினியால் மடியும். எதுவும் பலிக்காவிட்டால் கல்லை எடுத்து வெயிலில் காயவைக்கலாம். எல்லாவற்றையும்விட நல்லது, புதிய கல்லையும் பவளத்தையும் தனித்தொட்டியில் சில வாரங்கள் வைத்து, இரவில் டார்ச் அடித்துப் பார்ப்பது.

குருசடையில் கல்லை வெளியே எடுக்க முடியாது. பவளத்தோடு ஒட்டிய பாசியைக் கையால் நீக்க வேண்டும். மிஞ்சிய துண்டு மறுபடி தழைப்பதால் திரும்பத் திரும்பப் போக வேண்டும். தின்பதற்கென்று இன்னொரு வெளிநாட்டு உயிரை அங்கே இறக்குவதை நான் ஏற்கமாட்டேன். 1970களில் இதே குலப் பாசிகள் நுழைந்த ஹவாயின் கனியோஹே விரிகுடாவில், நீருக்கடியிலிருந்து பாசியை உறிஞ்சும் எந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். பிறகு அந்தக் கடலுக்கே உரிய கடல்முள்ளெலிகளை வளர்த்துப் பாறைகளில் விட்டு, மிஞ்சியதை மேயச் செய்தார்கள்.