இன்னும் நடக்காததற்கு ஒரு வினை

1214 ஜூன் 27. கொயிம்ப்ரா நகரில் போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் அஃபோன்சோ உயில் எழுதிவைக்கிறார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. தனக்குப் பிறகு நாடு யார் கைக்குப் போகும் என்பதே உயிலின் முதல் கவலை. மூத்த மகன் சாஞ்சோவுக்கு முழு ராஜ்யமும் சேர வேண்டும். அவன் சந்ததியில்லாமல் இறந்துபோனால், அரசி உர்ராகா வயிற்றில் பிறந்த அடுத்த மூத்த மகனுக்கு. ஆண் பிள்ளையே இல்லாமல் போனால் மூத்த மகளுக்கு. தான் கண்மூடும் வேளையில் பிள்ளை உரிய வயதை எட்டாமலிருந்தால், எட்டும்வரை அரசியும் பிரபுக்களும் நாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆவணம் என்றால் லத்தீன் என்றிருந்த காலம் அது. இந்த உயிலோ ஊர் மக்கள் பேசிய மொழியில் எழுதப்பட்டது. தேதியோடு கிடைக்கும் மிகப் பழைய போர்ச்சுகீசிய ஆவணங்களில் இதுவும் ஒன்று. பதின்மூன்று படிகள் எடுக்கப்பட்டன. லிஸ்பனில் ஒன்றும் ஸ்பெயினின் டொலேடோவில் ஒன்றுமாக இரண்டு தப்பிப் பிழைத்திருக்கின்றன. அதிலுள்ள ‘இறந்தால்’, ‘இல்லாமல் போனால்’ ஆகிய இடங்களில் வருபவை ‘ஃபோர்’, ‘ஓவேர்’ என்னும் வினைகள். இன்றைக்கு லிஸ்பனில் ஒரு வக்கீல் உயில் எழுதினாலும் அந்த இடங்களில் வருவது இதே வினைவடிவம்தான்.

இலக்கணக்காரர்கள் இதை எதிர்கால சப்ஜங்டிவ் என்பார்கள். நடந்ததையும் நடப்பதையும் உள்ளது உள்ளபடி சொல்வது ஒரு வகை வினை. நடந்தால், நடக்கட்டும், நடந்திருக்கக் கூடாதா என்று மனத்தளவில் நிற்பதைச் சொல்வது இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைதான் சப்ஜங்டிவ். அதில் எதிர்காலத்துக்கென்றே ஒரு தனி வடிவம் வைத்துக்கொண்டு, அதைச் சந்தையிலும் சமையலறையிலும் அன்றாடம் புழங்குகிற பெரிய மொழி ஐரோப்பாவில் இன்று போர்ச்சுகீசியம் மட்டும்தான். அந்த வடிவம் எங்கே பிறந்து, எப்படி இத்தனை தூரம் வந்தது என்பது சொல்லப்பட வேண்டிய கதை.

பிறந்த இடம் ரோமானியர்களின் லத்தீன். அங்கே ‘அமாவேரோ’ என்றால் ‘அதற்குள் நான் நேசித்திருப்பேன்’ என்று பொருள். வரப்போகும் காலத்தில் ஒரு செயல் முடிந்துவிட்டதாகப் பார்க்கிற வினை. ‘அமாவேரிம்’ என்றால் ‘நான் நேசித்திருக்கக்கூடும்’. முடிந்த செயலை ஐயத்தோடு சொல்லும் சப்ஜங்டிவ். தன்மை ஒருமையில்தான் இரண்டுக்கும் வேறுபாடு தெளிவாகக் கேட்கும். நீ, அவன், நாம், அவர்கள் என்று வருமிடங்களிலெல்லாம் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. படைவீரனும் குடியானவனும் பேசிய லத்தீனில் இரண்டும் கலந்து ஒன்றாயின. நடுவிலிருந்த ‘வே’யும் பேச்சில் தேய்ந்து மறைந்தது. மிஞ்சியது ஒரே வடிவம். ‘முடிந்திருக்கும்’ என்ற உறுதி ஒரு பக்கத்து இரத்தம், ‘இருக்கலாம்’ என்ற ஐயம் மறுபக்கத்து இரத்தம்.

அந்தப் பிறப்பின் அடையாளம் இன்றும் அழியவில்லை. ‘அவர்கள் செய்தார்கள்’ என்பதற்குப் போர்ச்சுகீசியத்தில் ‘ஃபிஸேரம்’. இந்த இறந்தகால வினையின் கடைசியில் உள்ள ‘அம்’ஐக் கழித்தால் ‘ஃபிஸேர்’. அதுதான் எதிர்கால சப்ஜங்டிவ்: ‘செய்தால்’, ‘செய்யும்போது’. நாளைய திட்டத்தைச் சொல்லும் வினை நேற்றைய வினையின் உடம்பிலிருந்து எடுக்கப்படுகிறது.

உடன்பிறந்த மொழிகளில் இதன் ஆயுள் நீளவில்லை. பிரெஞ்சும் இத்தாலியமும் விட்டுவிட்டன. பழைய ருமேனியத்தில் சிறிது காலம் இருந்து மறைந்தது. ஸ்பானிஷில்தான் நெடுநாள் வாழ்ந்தது. 16-ஆம் நூற்றாண்டின் ஸ்பானிஷ் எழுத்தில் தாராளமாகக் காணலாம். பின்னர் பேச்சிலிருந்து மெல்ல நழுவி, இன்று சில பழமொழிகளிலும் சட்ட வாசகங்களிலும் மட்டும் ஒதுங்கியிருக்கிறது. ஒதுங்கினாலும் வலு குன்றவில்லை. 1978-இன் ஸ்பானிய அரசமைப்புச் சட்டத்தில் 99-ஆவது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, முதல் வாக்கெடுப்பிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் எந்தப் பிரதமர் வேட்பாளரும் அவையின் நம்பிக்கையைப் பெறாவிட்டால் மன்னர் நாடாளுமன்றத்தைக் கலைக்க வேண்டும் என்கிறது. அந்தப் ‘பெறாவிட்டால்’ எதிர்கால சப்ஜங்டிவில் நிற்கிறது. 2016-இலும் 2019-இலும் அந்த நிபந்தனை நிறைவேறி, அவை கலைக்கப்பட்டுத் தேர்தல் நடந்தது. தெருவில் யாரும் பேசாத ஒரு வினைவடிவம் ஒரு நாட்டை இருமுறை வாக்குச்சாவடிக்கு அனுப்பியிருக்கிறது.

போர்ச்சுகீசியத்தில் மட்டும் ஏன் நிலைத்தது? ஒரு காரணம் ஒலியில் இருக்கிறது. ஸ்பானிஷில் இந்த வடிவம் ‘ரே’ என்று முடியும். இன்னொரு சப்ஜங்டிவ் ‘ரா’ என்று முடியும். கடைசி உயிர் ஒன்றுதான் வேறுபாடு என்பதால் ஒன்று மற்றதன் இடத்தை எளிதில் பிடித்துக்கொண்டது. போர்ச்சுகீசியத்தில் அந்தக் கடைசி உயிர் உதிர்ந்துவிட்டது. அதனால் பெரும்பாலான வினைகளில் எதிர்கால சப்ஜங்டிவும், ‘செய்ய’, ‘வர’ போன்ற எச்ச வடிவமும் ஒரே உருவாயின. அந்த எச்சத்துக்கு நீ, நாம், அவர்கள் என்று விகுதி சேர்க்கும் அரிய வழக்கமும் போர்ச்சுகீசியத்தில் உண்டு. இரண்டும் தோள்கொடுத்து நின்றதால் ஒன்று இருக்கும்வரை மற்றதும் இருக்கிறது.

பிறகு கப்பல்கள் புறப்பட்டன. கோவா 1510-இலும் மலாக்கா 1511-இலும் போர்ச்சுகீசியர் வசமாயின. கட்டளைக் கடிதங்களிலும் ஒப்பந்தங்களிலும் மாலுமிகளின் உயில்களிலும் ஏறி இந்த வினை கடல் கடந்தது. ‘கப்பல் வந்து சேர்ந்தால்’, ‘நான் உயிரோடு திரும்பினால்’ என்று எழுத வேண்டியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வினை ஏது?

அந்தக் கப்பல்களில் ஒன்றில் 1546-இல் இந்தியா வந்தவர் இயேசு சபைத் துறவி ஹென்றிக் ஹென்றிகஸ். அவர் பணியாற்றியது நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில், பரதவர் ஊர்களில். 1548-இல் சபையின் நிறுவனர் இக்னேசியஸ் லொயோலாவுக்கு எழுதிய கடிதத்தில், தான் தமிழ் கற்ற விதத்தைச் சொல்கிறார். லத்தீன் படிப்பதுபோல வினைகளை அடுக்கிப் பார்த்தாராம். இறந்தகாலம், எதிர்காலம், சப்ஜங்டிவ் முதலியவற்றைக் கண்டுபிடிக்கப் பெரும்பாடு பட்டாராம். அந்த உழைப்பில் போர்ச்சுகீசியத்தில் அவர் எழுதிய தமிழ் இலக்கணக் கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் மொழிபெயர்ப்பே.

தம் சப்ஜங்டிவுக்கு ஈடாக அந்தக் கடற்கரையில் அவர் காதில் விழுந்திருக்கக்கூடியது ‘வந்தால்’, ‘செய்தால்’ போன்ற வடிவங்கள். ‘நாளைக்கு வந்தால் தருகிறேன்’ என்கிறோம். வருவது நாளை, வினையோ ‘வந்து’ என்னும் இறந்தகால அடியில் நிற்கிறது. தொல்காப்பியம் சொல்லும் பழைய நிபந்தனை வடிவம் ‘செயின்’. அதில் இறந்தகாலக் குறி இல்லை. காலப்போக்கில் ‘செய்தால்’ வழக்கைப் பிடித்துக்கொள்ள, ‘செயின்’ செய்யுளிலும் செந்தமிழிலும் தங்கிவிட்டது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே வழியைக் கண்டிருக்கின்றன: இன்னும் நடக்காததைக் கணக்கில் எடுக்க வேண்டுமானால், அதை ஒரு கணம் நடந்து முடிந்ததாக மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ‘ஃபிஸேர்’ செய்வதும் ‘செய்தால்’ செய்வதும் அதுதான். போர்ச்சுகீசியம் கற்கும் தமிழர் இந்த வடிவத்தைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. அதன் உட்கணக்கு நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

கப்பலேறிய வினை எல்லாத் துறைமுகத்திலும் கரையிறங்கவில்லை. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் சமூகம் தமிழோடு தமிழாக வாழ்ந்தபடியே ஒரு போர்ச்சுகீசியக் கிரியோல் மொழியைக் காத்துவந்திருக்கிறது. மலாக்காவில் கிறிஸ்தாங் பேசுகிறார்கள். இந்த மொழிகளில் வினை விகுதிகள் ஏறக்குறைய எல்லாமே உதிர்ந்துவிட்டன. ‘ஏற்கெனவே’ என்று பொருள்படும் ‘ஜா’ வினைக்கு முன்னால் வந்து இறந்தகாலத்தைச் சொல்கிறது. ‘பிறகு’ என்பதிலிருந்து வந்த சிறுசொல் எதிர்காலத்தைச் சொல்கிறது. பல மொழிக்காரர்கள் கூடிப் பேசிய துறைமுகத்தில் ஃபோரும் ஓவேரும் காகிதத்திலேயே தங்கிப்போயின.

பிரேசிலில் கதை வேறு. அங்கே இந்த வினை வீடுகட்டிக் குடியேறியது. ‘பெரியவன் ஆனதும் டாக்டர் ஆவேன்’ என்று சொல்லும் குழந்தை, ‘ஆனதும்’ என்ற இடத்தில் ‘க்வான்டு எவ் ஃபோர்’ என்கிறது. அஃபோன்சோவின் உயிலில் மகனின் சாவைச் சொன்ன அதே ஃபோர் குழந்தை வாயில் வளர்ச்சியைச் சொல்கிறது. ‘ஸெ தேவூஸ் கிஸேர்’, அதாவது கடவுள் நினைத்தால், என்பது நாள் முழுதும் காதில் விழும் தொடர். 1988-இன் பிரேசில் அரசமைப்புச் சட்டம், போதிய வசதியில்லை என்று நிறுவுவோருக்கு அரசு இலவசச் சட்ட உதவி தரும் என்று ஐந்தாம் பிரிவில் உறுதியளிக்கிறது. ‘நிறுவுவோர்’ என்பதற்கு அங்கே நிற்பதும் எதிர்கால சப்ஜங்டிவே. யார் வந்து நிறுவுவார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாது. சிலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்கும் அந்த வாக்கியத்தில் இடம் உண்டு.

கற்பவர்கள் தடுமாறுவது ‘போது’ என்னும் இடத்தில்தான். ‘நாளை அவள் வரும்போது பேசலாம்’ என்றால் நமக்கு அவள் வருவது ஏறக்குறைய உறுதி. போர்ச்சுகீசிய இலக்கணம் அப்படி விடாது. பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டாலும், நாளைய வருகை ‘வியேர்’ என்று சப்ஜங்டிவில்தான் நிற்க வேண்டும். இன்னும் நடக்காதது எதுவும் நடந்ததுபோல் பேசப்படக் கூடாது என்பது அங்கே வினையிலேயே எழுதப்பட்ட விதி.

இனி இதன் உடன்பிறப்பு. நம்பிக்கைக்கு ஃபிஸேர் என்றால் ஏக்கத்துக்கு ‘ஃபிஸெஸ்’. அதே இறந்தகால அடி, வேறு விகுதி. பிறப்பு லத்தீனின் இன்னொரு சப்ஜங்டிவிலிருந்து. ‘இரு’, ‘உடைத்தாயிரு’ என்னும் பொருளுள்ள வினையை எடுத்துக்கொண்டால் நெருக்கம் நன்றாகத் தெரியும். ‘ஸெ எவ் திவேர் டெம்பு’ என்றால் எனக்கு நேரம் கிடைத்தால், வழி திறந்திருக்கிறது. ‘ஸெ எவ் திவெஸ் டெம்பு’ என்றால் நேரம் மட்டும் இருந்தால் போவேனே. இல்லை என்பது சொல்லாமலே விளங்கும். ‘ஸெ எவ் திவெஸ் ஸபீடு’ என்றால் எனக்குத் தெரிந்திருந்தால், காலம் கடந்துவிட்டது. திவேர், திவெஸ் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு விகுதி. இந்தப் பக்கம் திட்டம், அந்தப் பக்கம் வருத்தம்.

மூன்றாவதும் ஒன்று உண்டு: ‘ஃபிஸேரா’. ‘தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன்’ என்று வருந்தும் வாக்கியத்தின் இரு பாதியிலும் பழைய போர்ச்சுகீசியர் இந்த வடிவத்தை வைத்தே பேசினார்கள். இன்று அது பேச்சில் அருகிவிட்டது. ஆனாலும் ‘கெய்ம் மி தேரா’ என்ற பெருமூச்சில் உயிரோடிருக்கிறது. எட்டாததை நினைத்து ‘கொடுத்து வைத்திருக்க வேண்டுமே’ என்று நாம் சொல்லும் இடம் அது. ஐபீரியாவில் அரபுமொழி பேசப்பட்ட நூற்றாண்டுகள் விட்டுச்சென்ற ‘ஒஷாலா’வும் இங்கே வந்து சேர்கிறது. இறைவன் நாடினால் என்ற அரபுத் தொடரின் வழிவந்த அந்தச் சொல்லுக்குப் பின்னும் சப்ஜங்டிவ்தான். ஒரு விகுதியோடு வந்தால் ‘அவன் வரட்டும்’ என்னும் வேண்டுதல். இன்னொரு விகுதியோடு வந்தால் ‘அவன் வந்திருக்கக் கூடாதா’ என்னும் புலம்பல்.

கொயிம்ப்ரா உயிலின் நிபந்தனைக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1223-இல் பட்டமேறிய சாஞ்சோவை 1245-இல் போப்பாண்டவர் பதவியிறக்கினார். தம்பி அஃபோன்சோ படையோடு வந்தார். உள்நாட்டுப் போரில் தோற்ற சாஞ்சோ 1248-இல் டொலேடோவில் வாரிசின்றி இறந்தார். தம்பி மூன்றாம் அஃபோன்சோ ஆனார். தந்தை ஃபோர் என்று எழுதியது 34 ஆண்டுகள் கழித்து நடந்தேவிட்டது. சாஞ்சோவின் பக்கம் நின்றவர்களுக்கு அதன்பின் மிஞ்சியது மற்ற விகுதிகள்.

இந்த வினையின் பயணம் முடியவில்லை. இப்போது அது சற்றே உரு மாறிக்கொண்டிருக்கிறது. ‘பார்’ என்பதற்கு எச்ச வடிவம் ‘வேர்’. ‘வா’ என்பதற்கு ‘வீர்’. ஆனால் ‘நான் பார்த்தால்’ என்பதற்கு இலக்கணம் கேட்பது ‘வீர்’. ‘நான் வந்தால்’ என்பதற்கு ‘வியேர்’. இந்தக் குழப்பத்தில் படித்தவர்களும் பலமுறை ‘ஸெ எவ் வேர்’ என்று எச்சத்தையே போட்டுவிடுகிறார்கள். பள்ளி ஆசிரியர்கள் திருத்துகிறார்கள். நாக்கு மறுபடி அங்கேயே போகிறது. இதைக் கண்டு மொழி கெட்டுவிட்டதாக வருந்துவோர் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையே தெரிகிறது. ஸ்பானிஷ் பேசுவோர் இந்த இடத்தில் எதிர்கால சப்ஜங்டிவையே கைவிட்டு வேறு காலத்துக்குப் போனார்கள். போர்ச்சுகீசியம் பேசுவோர் பிழைபடச் சொல்லும்போதும், மற்ற நூற்றுக்கணக்கான வினைகளில் அந்த வடிவம் எடுக்கும் உருவத்தையே இதற்கும் கொடுத்து, எதிர்காலத்துக்கான இடத்தைக் காலிசெய்யாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். அடி மாறலாம், இடம் இருக்கிறது. வரப்போவதை வந்துவிட்டதுபோல் பேசாத அந்தக் கவனம் ஒரு மொழியில் எண்ணூறு ஆண்டுகள் எழுத்தில் தொடர்ந்து நின்றிருக்கிறது என்றால், அதைப் பேசியவர்களுக்கு அது ஒவ்வொரு நாளும் தேவைப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள்.